மொட்டை மாடியில் 64 தொட்டிகள்: ஒரு போன்சாய் சேகரிப்புக்கு விலை வைத்த அனுபவம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்நிகழ்வு 2022-ஆம் ஆண்டு மார்ச் இறுதி முதல் அக்டோபர் வரை சென்னை மேற்கு மாம்பலத்தில் நடந்தது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தம் சொந்த வீட்டின் மொட்டை மாடியில் போன்சாய் மரங்களை, அதாவது தொட்டியிலேயே குட்டையாக வடிவமைத்து வளர்க்கும் மரங்களை, வளர்த்துவந்தார். அவர் மார்ச் இறுதியில் திடீரெனக் காலமானபோது மாடியில் 64 தொட்டிகள் இருந்தன. வீட்டில் அவருடைய மனைவி மட்டும் இருந்தார். மகள் வேளச்சேரியில் ஓர் அடுக்ககத்தில் வசித்தார், மகன் வெளிநாட்டில் இருந்தார். அந்தப் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதற்குக் கட்டுநர் ஒருவருடன் முந்தைய ஆண்டே ஒப்பந்தம் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 31-க்குள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும். மனைவி போய்ச் சேரவிருந்த மகள் வீட்டுப் பால்கனியிலோ நான்கு தொட்டிகளுக்கு மேல் வைக்க இடமில்லை.

நானும் போன்சாய் வளர்ப்பவன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசும் எங்கள் சிறு குழுவில் அவரோடு பதினைந்து ஆண்டுப் பழக்கம் எனக்கு உண்டு. ஜூன் முதல் வாரத்தில் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தார். “சார், அப்பாவோட மரங்களை என்ன பண்றதுன்னே தெரியலை. ஒருத்தர் மொத்தமா எடுத்துக்கிறேன்னு கேக்குறார். நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லுங்களேன்” என்றார்.

போவதற்கு முன்பே இரண்டு விஷயங்களை அவரிடம் தெளிவுபடுத்தினேன்: அங்குள்ள எந்த மரத்தையும் நான் வாங்கமாட்டேன், விற்பனையில் எனக்கு எந்தப் பங்கும் வேண்டாம். இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த மாடியில் இருந்த ஒரு புளிய மரத்தின் மீது எனக்குப் பத்தாண்டுகளாகக் கண் இருந்தது. ஆசைப்படுகிறவன் வைக்கும் விலையை யாரும் நம்பக்கூடாது; அவனே நம்பக்கூடாது.

மாடியில் கண்டவை

முதல் நாள் எண்ணியபோது 64 தொட்டிகளில் 9 மரங்கள் முழுவதும் பட்டுப்போயிருந்தன. இலையைப் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது என்பதால், ஒவ்வொரு மரத்திலும் அடிமரத்தின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டி உள்ளே பச்சை தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்பதிலும் உள்தோல் பழுப்பாகிக் காய்ந்திருந்தது. மேலும் பதினொன்றில் பச்சை இருந்தாலும் கிளை நுனிகள் காய்ந்து, மாவுப்பூச்சி அடைந்திருந்தது.

பட்டுப்போனவை எவை என்பதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஆழமான தொட்டிகளில் இருந்த சாதாரணச் செடிகள் ஏறக்குறைய எல்லாமே தப்பியிருந்தன. இரண்டு விரல் உயரமே உள்ள தட்டுத் தொட்டிகளில் இருந்தவைதான் போயிருந்தன. போன்சாயில் ஒரு மரம் முதிர முதிர, வேர் வெட்டி வெட்டி, மேலும் மேலும் ஆழம் குறைந்த தொட்டிக்கு மாற்றுவார்கள். ஆகவே அந்த மாடியில் எது மிக உயர்ந்த மரமோ அதற்குத்தான் மிகக் குறைந்த மண்ணும் மிகக் குறைந்த ஈரமும் இருந்தன. ஏழு சவுக்கு மரங்களை ஒரே தட்டில் தோப்பு போல அமைத்திருந்த ஒன்றை எங்கள் குழுவில் பார்க்காதவர் கிடையாது. முதலில் காய்ந்தது அதுதான். விலைப்பட்டியலில் மேலே இருக்க வேண்டிய மரங்கள் சாவுப்பட்டியலிலும் மேலே இருந்தன.

காரணமும் தெரிந்தது. துக்க வீட்டில் முதல் இரண்டு வாரங்கள் பக்கத்து வீட்டுப் பையன் நினைவு வந்தபோது ஏறித் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். அதன்பின் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி காலையில் ரப்பர் குழாயைப் பிடித்துப் பத்து நிமிடங்களில் எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேல்மண் நனைந்தது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்ட மண், தொட்டியின் சுவரை விட்டு உள்நோக்கிச் சுருங்கிவிடும். அந்த இடைவெளி வழியே தண்ணீர் நேராக அடித்துளைக்கு ஓடிவிடும். வேர்க்கட்டியின் நடுப்பகுதி வறண்டே இருக்கும். மே மாதக் கத்திரி வெயிலில், சிமென்ட் தளத்தின் மேல், இந்த நிலையில் சில நாட்கள் போதும். தவிரவும், அவர் சேமித்து வைத்த மழைநீருக்குப் பதில் ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றப்பட்டதால் தொட்டி விளிம்புகளில் வெள்ளை உப்புப் படிந்திருந்தது.

மாடிப்படி அலமாரியில் கிடைத்த ஒரு நோட்டுப் புத்தகம் இந்த ஆய்வுக்கே அடிப்படை ஆயிற்று. அட்டை கிழிந்த இருநூறு பக்க நோட்டு. ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண், எங்கிருந்து வந்தது, என்ன விலை, எப்போது மண் மாற்றியது, கிளையை வளைக்க எப்போது கம்பி கட்டி எப்போது அவிழ்த்தது என்று பென்சிலில் எழுதியிருந்தார். 22-ஆம் எண்ணுக்கு எதிரே, “கம்பியை ஒரு மாதம் தாமதமாக எடுத்தேன். வடு விழுந்துவிட்டது. தவறு என்னுடையது” என்று ஒரு வரி. மரத்தைத் திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கக் கிளையில் திருகு போல அந்த வடு அப்படியே இருந்தது.

மூன்று தொகைகள்

நான் போனபோது குடும்பத்தின் முன்னால் மூன்று தொகைகள் இருந்தன.

முதலாவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நர்சரி நடத்தும் ஒருவர் கேட்டது: தொட்டிகள், கருவிகள் உட்பட மொத்தமும் 90,000 ரூபாய். மாடியில் அவர் இருபது நிமிடம்கூட நிற்கவில்லையாம். குடும்பத்தினர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டிருந்தனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிரோடு இருக்கும் 55-இல் கால்பங்கு போய்விடும் என்று அவர் கணக்கிட்டிருப்பார். மீதத்தை ஓராண்டு வைத்துக் காப்பாற்ற ஆள் கூலி, இடம், தண்ணீர் எல்லாம் உண்டு; அதற்குப் பிறகும் பெரும்பாலானவை இரண்டாயிரம், மூவாயிரத்துக்கே போகும். வியாபாரி கேட்ட விலையாக அது நியாயமானதே. குடும்பத்துக்கு அவகாசமே இல்லாதிருந்தால் ஏற்றுக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது, உறவினர் ஒருவர் சொன்ன 15 லட்சம். “வயசு ஆக ஆக ஒவ்வொண்ணும் தங்கம் மாதிரி” என்பது அவர் வாதம். தங்கத்துக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்பதை நான் அப்போது சொல்லவில்லை.

மூன்றாவது, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய செய்தி. 2011-இல் ஜப்பானின் தகமாத்சு நகரில் நடந்த போன்சாய் மாநாட்டில் ஒரு வெள்ளைப் பைன் மரம் 10 கோடி யென்னுக்கு, அதாவது அன்றைய மாற்று விகிதத்தில் ஆறு கோடி ரூபாய்க்கு மேல், விலை பேசப்பட்டது என்ற தகவலை அனுப்பி, அதில் நூறில் ஒரு பங்காவது நம் ஆலமரத்துக்கு வராதா என்று கேட்டிருந்தார். கேள்வியில் தவறில்லை, ஒப்பீட்டில்தான் தவறு. ஆகவே இதற்கு விரிவாகவே பதில் எழுதினேன்.

ஜப்பானில் அந்த விலைக்குப் பின்னால் ஒரு சந்தையே இருக்கிறது. 1923-இல் கான்டோ நிலநடுக்கத்தில் தோக்கியோ அழிந்தபோது அங்கிருந்த போன்சாய் தோட்டக்காரர்கள் இடம்பெயர்ந்து, 1925-இல் ஓமியாவில் தங்களுக்கென ஒரு கிராமத்தையே அமைத்தனர். 1934 முதல் தோக்கியோவின் உவேனோவில் கொக்குஃபு என்னும் போன்சாய் கண்காட்சி நடந்துவருகிறது. அதில் இடம்பெற்ற மரம் என்ற பெயரே விலையை உயர்த்தும். ஒரு மரம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போயிற்று என்ற வரலாறு அங்கே மரத்தோடு சேர்ந்து விற்கப்படுகிறது. வாங்குகிறவர் தாமே வளர்க்க வேண்டியதில்லை. தேர்ந்த தோட்டக்காரரிடம் பராமரிப்புக்கு விட்டுவைக்கலாம். சென்னையில் இவற்றில் ஒன்றும் இல்லை. குளிர்காலத்தில் உறங்கியாக வேண்டிய அந்த வெள்ளைப் பைனை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் மாம்பலம் மாடியில் அது இரண்டு கோடை தாங்காது.

அந்தப் பதிலில் இன்னொரு செய்தியையும் சேர்த்தேன். 2019 ஜனவரியில் தோக்கியோவை ஒட்டிய சைத்தாமா மாநிலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து ஏழு மரங்கள் திருடு போயின. மொத்த மதிப்பு 1.3 கோடி யென்னுக்குக் குறையாது. அதில் நானூறு ஆண்டு ஜூனிபர் என்னும் ஊசியிலை மரம் ஒன்று மட்டுமே ஒரு கோடி யென்னுக்கு மேல். உரிமையாளர்கள் திருடியவர்களுக்குப் பொதுவெளியில் விடுத்த வேண்டுகோள், மரங்களுக்குத் தண்ணீராவது ஊற்றுங்கள் என்பது.

உழைப்பைக் கூட்டினால் விலை வருமா

மகள் கணக்குத் தணிக்கைத் துறையில் இருப்பவர். “சார், அப்பா போட்ட உழைப்பைக் கணக்குப் பண்ணி விலை வெச்சா என்ன?” என்று கேட்டார். போட்டுப் பார்த்தோம். ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் ஆண்டுக்கு 12 மணி நேரம் ஆகிறது. 1994 முதல் தொட்டியில் இருக்கும் ஆலமரத்துக்கு 28 ஆண்டுகளில் ஏறக்குறைய 340 மணி நேரம். மணிக்கு 75 ரூபாய் என்றாலும் 25,500 ரூபாய். பார்ப்பதற்குப் பொருத்தமான தொகைதான். ஆனால் அதன் பக்கத்தில் அதே ஆண்டில் வாங்கிய ஒரு ஜேட் செடியும் இருந்தது. அதே கை, அதே குழாய், அதே இரண்டு நிமிடம். அதற்கும் 25,500 என்றால் வாங்க ஒருவரும் வரமாட்டார், 1,500-க்கு வருவார்கள். உழைப்பு இல்லாமல் மரம் இல்லை. ஆனால் உழைப்பை மணிக்கணக்கில் பெருக்கினால் விலை வருவதில்லை. அந்த உழைப்பு எந்த மூலச்செடியின் மீது விழுந்தது, அடிமரத்தில் எவ்வளவு நிலைத்து நின்றது என்பதற்குத்தான் விலை.

வயதைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். “அப்பா அந்த ஆலமரத்துக்கு அறுபது வயசுன்னு சொல்லுவார், சார்” என்றார் மகள். நம் வெப்பநிலத்தில் ஆல், இச்சி போன்றவற்றில் ஆண்டு வளையங்கள் நம்பும்படி அமைவதில்லை. அமைந்தாலும் மரத்தை அறுக்காமல் எண்ண முடியாது. நோட்டில் இருந்ததோ இது: “1994. திருவல்லிக்கேணியில் இடிக்கும் வீட்டுக் கைப்பிடிச் சுவரிலிருந்து.” சுவரில் அது எத்தனை ஆண்டு இருந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. அமெரிக்காவின் தேசிய மரத்தோட்டத்துக்கு 1976-இல் ஜப்பான் அன்பளித்த மரங்களில் ஒன்று, ஹிரோஷிமா அணுகுண்டுக்குத் தப்பிய வெள்ளைப் பைன். அதைப் பற்றிக் குறிப்பிடும்போதுகூட 1625 முதல் பயிற்சியில் உள்ளது, அதாவது போன்சாயாக வடிவமைத்து வளர்க்கப்படுகிறது, என்றே எழுதுகிறார்கள். அதே முறையை நாங்களும் மேற்கொண்டோம். எந்த மரத்துக்கும் வயது சொல்வதில்லை. “தொட்டியில் இந்த ஆண்டு முதல்” என்று மட்டும் எழுதுவது என முடிவாயிற்று.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, உடனே விற்காமல் ஆறு வாரம் பொறுப்பது. ஜூன் நிலையிலேயே விற்றிருந்தால் வாடிய மரத்துக்கு வாடிய விலைதான் வந்திருக்கும். வாங்கியவர் வீட்டில் அது செத்தால் பழி குடும்பத்தின் மீது விழும். மாதம் 7,000 ரூபாய்க்கு ஓர் இளைஞரை நியமித்தோம். செடி வளர்த்துப் பழக்கமில்லாதவர்; சொன்னதை அப்படியே செய்பவர் என்பதே அவருடைய தகுதி. ஒவ்வொரு தொட்டியையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் முக்கி, நீர்க்குமிழி வருவது நிற்கும்வரை வைத்து எடுக்கச் சொன்னேன். 55 தொட்டிகளையும் அப்படி முக்கி எடுக்க முதல் முறை இரண்டு நாள் ஆயிற்று. நிழல் வலை கட்டினோம். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தோம். நலிந்த மரத்துக்கு உரம் வைப்பது பட்டினி கிடந்தவனுக்கு விருந்து படைப்பது போன்றது என்பதால் உரத்தை அறவே தவிர்த்தோம். இத்தனைக்கும் பின்பு மேலும் மூன்று மரங்கள் போயின. 52 எஞ்சின.

இரண்டாவது முடிவு, ஏலம் விடாமல் நிலையான விலை வைப்பது. ஏலத்தில் விலை ஏற, ஒருவரையொருவர் அறியாத பலர் வேண்டும். சென்னையில் இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்து போன்சாய் வாங்கக்கூடியவர்கள், எனக்குத் தெரிந்தவரை, ஒரு வேனில் ஏற்றிவிடக்கூடிய அளவே. அவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் நண்பர்கள். இரங்கல் கூட்டத்திலேயே “அந்தப் புளி எனக்கு, கொடுக்காப்புளி உனக்கு” என்ற பேச்சு என் காதில் விழுந்தது. கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் அப்படிப்பட்ட வட்டத்தில் ஏலம் என்பது பெயருக்குத்தான். ஆகவே 49 மரங்களின் விலையையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், சென்னைக்கும் பெங்களூருக்கும் சேர்த்து அறிவித்தோம். மீதி மூன்றில் இரண்டை மனைவி தமக்கென வைத்துக்கொண்டார்; ஒன்றைத் தண்ணீர் ஊற்றிய இளைஞர் விரும்பிக் கேட்க, கொடுத்துவிட்டார்.

மூன்றாவது முடிவு, குறைகளை மறைக்காமல் படமெடுப்பது. பின்னால் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, நான்கு பக்கமும் தனித்தனியாக எடுத்தோம். மண்ணிலிருந்து மூன்று செ.மீ. உயரத்தில் அடிமரச் சுற்றளவை நாடாவால் அளந்து எழுதினோம். கம்பி வடு, வெட்டுத் தழும்பு, ஒட்டு ஆகியவற்றுக்குத் தனிப்படம். 40-ஆம் எண் மரத்தைக் குடும்பத்தினர் மிக உயர்ந்தது என நினைத்திருந்தனர். யாரோ 12,000 ரூபாய் கொடுத்து வாங்கிப் பரிசளித்தது. கிழங்கு போல வேர் பருத்த, இறக்குமதி செய்யப்பட்ட, ஆல் இனத்து ஃபைகஸ் அது. விதையில் வளர்த்த பருத்த வேரின் மேல் வேறு சிற்றிலை வகையை ஒட்டியிருந்தார்கள். நோட்டில் அதற்கு இரண்டே சொற்கள்: “பரிசு. ஒட்டு.” அதற்கு 2,000 வைத்தேன். மகள் சற்று நேரம் பேசவில்லை.

தொட்டிகளைத் தனியே பிரிக்க வேண்டுமா என்பதும் பேசப்பட்டது. ஜப்பானின் டோக்கோநாமேயில் செய்த, அடியில் குயவர் முத்திரை உள்ள, மெருகிடாத பழுப்புத் தொட்டிகள் நான்கு இருந்தன. உயிருள்ள மரங்களை, அப்போதுதான் தேறிவருபவற்றை, தொட்டிக்காகப் பெயர்த்தெடுக்க நான் சம்மதிக்கவில்லை. பட்டுப்போன சவுக்குத் தோப்பின் தட்டு அந்த நான்கில் ஒன்று; அது மட்டும் 9,000 ரூபாய்க்குத் தனியே போயிற்று. மரம் போனபின் தட்டு அந்த விலை போனதைக் குடும்பத்தினர் விநோதமாகப் பார்த்தனர். தட்டுக்குத் தண்ணீர் வேண்டாம்.

இரண்டு மரங்கள்

14-ஆம் எண், திருவல்லிக்கேணி ஆல். உயரம் 58 செ.மீ., அடிச்சுற்று 47 செ.மீ. மூன்று விழுதுகள் மண்ணைத் தொட்டிருந்தன. குறை ஒன்று: சுவரை ஒட்டி வளர்ந்ததால் வேர்ப்பரப்பு ஒருபக்கம் தட்டையாக இருந்தது. நல்ல போன்சாயில் வேர் நாலாபுறமும் விரிந்து மண்ணைப் பற்றியிருக்க வேண்டும் என்பது அடிப்படை அளவுகோல். கீழே குனிந்து பார்த்தபோது, இரண்டு வேர்களின் பிடிக்குள் பழைய நாட்டுச் செங்கல் ஒன்றின் மூலைத்துண்டு சுண்ணாம்புப் பூச்சோடு அப்படியே சிக்கியிருந்தது. 28 ஆண்டுகளில் எத்தனையோ முறை மண் மாற்றியும் அவர் அதை எடுக்காமல் விட்டிருக்கிறார். நான் அதைக் குறையாகவே கணக்கிட்டு, 70,000 என்று நினைத்திருந்ததை 60,000 ஆக்கினேன்.

இரண்டு வாரம் ஒருவரும் கேட்கவில்லை. பிறகு பெங்களூரிலிருந்து ஒருவர், தம் வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பதென்றால் 45,000 தருவதாகவும், செங்கலை எடுத்துவிட்டுத் தரும்படியும் சொன்னார். 350 கி.மீ. சாலைப் பயணத்தில் விழுதுகள் ஒடிந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு விடை கிடைக்காததால் அது நின்றது. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில், கெடு நெருங்குகிறதே என்று, 42,000 ஆகக் குறைத்தோம். மறுநாளே அடையாறிலிருந்து வந்த ஒருவர், மரத்தை அரைமணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு ரூபாயும் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டார். அந்தச் செங்கலுக்காகத்தான் வாங்குவதாகச் சொன்னார். நான் விலை குறைத்த காரணமே அவர் வாங்கிய காரணம். அறுபதாயிரத்திலேயே அவர் வாங்கியிருப்பாரா என்பதை அவரிடம் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

9-ஆம் எண்தான் என் கண்ணில் பட்டிருந்த புளி. நோட்டில் 2016 டிசம்பர் 12-ஆம் தேதிக்கு எதிரே “வர்தா. மூன்று விழுந்தன. 9-க்கு முதல் கிளை போயிற்று” என்று இருந்தது. ஒடிந்த கிளையை அடியோடு வெட்டிவிடாமல், பட்டையை உரித்து, நுனியைச் செதுக்கி, காய்ந்த கொம்பாகவே நிறுத்தியிருந்தார். ஜப்பானியர் ஜின் என்பது இதைத்தான். ஆல், இச்சி வகைகளில் இப்படி விட்டால் நம் மழையில் மட்கிவிடும். புளியின் வைரம் பாய்ந்த கட்டை தாங்கி நிற்கும். புயலுக்கு முன் அந்த மரத்தை நான் இருபதாயிரத்துக்கு மேல் மதித்திருக்கமாட்டேன். இப்போது 35,000 வைத்தோம். முதல் நாளே போயிற்று. அது வண்டியில் ஏறும்போது நான் மாடியிலேயே நின்றுகொண்டேன்.

விற்பனையும் பின்விளைவும்

ஜூலை நான்காம் ஞாயிறு முதல் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு வரை ஐந்து வாரங்களில் 49-ம் விற்றன. சிறிய 26 மரங்கள் 800 முதல் 2,500 வரை விலை போய் 36,400 ரூபாய் தந்தன. நடுத்தரமான 17, 3,000 முதல் 12,000 வரை போய் 1,02,000 தந்தன. முதல்தர மரங்கள் ஆறு: ஆல் 42,000, புளி 35,000, இச்சி 28,000, கொடுக்காப்புளி 22,000, காகிதப்பூ 18,000, பிராய் 16,000, சேர்ந்து 1,61,000. வெறுந்தொட்டிகள் 17,500, கத்திரிகளும் கம்பிகளும் 8,600. மொத்தம் 3,25,500.

சிறிய மரங்களில்தான் சங்கடம் அதிகம் இருந்தது. “அவர் ஞாபகத்துக்கு ஒன்று” என்று கேட்டு வந்த நண்பர்கள் பணம் கொடுப்பார்களா, மாட்டார்களா என்று மனைவிக்குத் தயக்கம். எல்லாவற்றிலும் விலைச்சீட்டைக் கட்டித் தொங்கவிட்டது அந்தத் தயக்கத்தைத் தீர்த்தது. சீட்டு பேசிவிட்டால் மனிதர் பேச வேண்டியதில்லை.

தகராறு காகிதப்பூவில் வந்தது. மரம் முழுக்கப் பூத்திருந்தபோது எடுத்த படத்தைப் பார்த்து அண்ணா நகரிலிருந்து ஒருவர் வாங்கினார். பத்தாம் நாள் ஓர் இலைகூட மிச்சமில்லாத மரத்தின் படத்தை அனுப்பி, நோயுற்ற மரத்தை விற்றுவிட்டீர்கள் என்றார். போய்ப் பார்த்தேன். நாள் முழுதும் வெயிலில் நின்ற மரம், மூன்று மணி நேரம் மட்டும் வெயில் விழும் மூன்றாம் மாடிப் பால்கனியில் இருந்தது. அதன்மேல் அன்பு மிகுதியால் மூன்று வேளையும் தண்ணீர். பட்டையைச் சுரண்டினேன், பச்சை இருந்தது. இடம் மாறிய அதிர்ச்சியில் இலை உதிர்த்திருக்கிறது, துளிர்க்கும் என்று சொன்னேன். அவர் ஏற்கவில்லை. எழுத்தில் எந்த நிபந்தனையும் இல்லாததால், மனைவியின் விருப்பப்படி பாதித்தொகை 9,000 திருப்பித் தரப்பட்டது. அக்டோபரில் அந்த மரம் மீண்டும் துளிர்த்துவிட்டதாக வேறொருவர் வழியாகத் தெரிந்தது. வாங்கியவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நடுத்தர வகையில் ஒரு மரம் உண்மையாகவே மூன்று வாரத்தில் பட்டுப்போனது. அதன் விலை 7,500 முழுவதும் திருப்பித் தரப்பட்டது.

இரண்டரை மாதக் கூலி 17,500, நிழல் வலை, மண், வேப்பெண்ணெய் 6,200, குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டி வாடகை 4,800, திருப்பிக் கொடுத்தது 16,500 ஆக 45,000 செலவு போக, கையில் நின்றது 2,80,500. வியாபாரி கேட்டதைவிட மூன்று மடங்குக்கு மேல். இந்தத் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் நான் ஊதியமின்றி உழைத்திருக்கிறேன். மகள் அலுவலகத்தில் ஆறு நாள் விடுப்பு எடுத்திருக்கிறார். அவற்றுக்கும் கூலி போட்டால் வித்தியாசம் நன்றாகவே சுருங்கும்.

மாற்றிச் செய்யவேண்டியவை

இன்னொரு குடும்பம் இதே நிலையில் அழைத்தால், விலையைப் பற்றிப் பேசும் முன் முதல் நாளே ஆழம் குறைந்த தொட்டிகளை மட்டும் பிரித்து, நிழலுக்குக் கொண்டுபோய், அவற்றுக்குத் தனியாக ஓர் ஆளை வைப்பேன். ஏப்ரலிலேயே யாராவது இதைச் செய்திருந்தால் சவுக்குத் தோப்பு பிழைத்திருக்கும்; அது ஒன்றே குறைந்தது ஐம்பதாயிரம். அவர் இறந்த வாரத்தில் எங்கள் குழுவிலிருந்து பன்னிரண்டு பேர் அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தோம். மாடியில் என்ன இருக்கிறது என்று பன்னிரண்டு பேருக்கும் தெரியும். ஒருவரும் படியேறவில்லை, இழவு வீட்டில் மரத்தைப் பற்றிக் கேட்பது அழகல்ல என்று நானும்தான் வந்துவிட்டேன்.

விற்பனை நிபந்தனையை ஒரு தாளிலாவது எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்: எத்தனை மணி நேர வெயிலில் நின்ற மரம், எத்தனை நாளுக்குள் பட்டுப்போனால் பணம் திரும்பும், இலை உதிர்வது அதில் அடங்குமா என்பவை அதில் இருக்க வேண்டும். விற்குமுன் வாங்குபவரின் மாடியையோ பால்கனியையோ ஒரு படமாவது அனுப்பச் சொல்லிப் பார்த்திருந்தால் காகிதப்பூவை அவருக்கு விற்றே இருக்கமாட்டேன். உயர்ந்த மரங்களுக்கு விலை வைக்கும்போது, குறை என்று நான் கருதுவதை எழுதிவிட்டு, அதற்காகத் தொகையைக் குறைக்காமல் முதலில் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பேன்.

முதல்தர மரங்கள் ஆறுக்கு மட்டும் நோட்டின் அந்தந்தப் பக்கங்களை நகலெடுத்து மரத்தோடு கொடுத்தோம். மீதி 43-ம் வரலாறு இல்லாமலே போயின. நேரமில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய் நகலில் முடிந்திருக்கக்கூடிய வேலை அது. செப்டம்பரிலிருந்து ஒவ்வொருவராக அழைத்து, தங்கள் மரத்துக்குக் கடைசியாக எப்போது மண் மாற்றினார்கள் என்று கேட்கத் தொடங்கினர். நோட்டு இப்போது வேளச்சேரியில் இருக்கிறது. எண்ணைச் சொன்னால் அந்த அம்மாவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைத் தேடி எடுத்து, பென்சில் எழுத்தைத் தொலைபேசியில் படித்துச் சொல்கிறார்.